அப்பத்தாவின் கடகப்பெட்டியும் குவேக்கர் பெண்களும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சாயல்குடிப் பக்கம், கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு பனங்காட்டுக் கிராமம். வீட்டை வெள்ளையடிக்கறதுக்காகப் பரணை ஒழிச்சப்ப, பித்தளை அண்டா, உடைஞ்ச தொட்டில் கம்பு, 1970கள்ல வந்த தீபாவளி மலர்களோட ஒரு கடகப்பெட்டியும் இறங்கி வந்தது. அப்பத்தா முடைஞ்சது. அவங்க போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெட்டி மட்டும் அப்படியே இருக்கு. விளிம்புல பனைநார் வச்சுப் பொத்தினது கூட ஒரு இடத்துலயும் பிரியலை.

என் பொண்ணுக்கு ஒம்பது வயசு. பெட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு, "அப்பா, இதை எந்தக் கடையில வாங்கினது?"ன்னு கேட்டா. அப்பத்தா செஞ்சதுன்னு சொன்னதும் அடுத்த கேள்வி: "அப்போ உனக்குச் செய்யத் தெரியுமா?" தெரியாது. எனக்கு மட்டுமில்லை, எங்க அப்பாவுக்கும் தெரியாது. அப்பத்தா பெத்த அஞ்சுல பெரிய அத்தைக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்களுக்கு ஏன் சொல்லித் தரலைங்கறதுக்கு ஒரு கதை இருக்கு, பின்னாடி வரேன்.

அந்தப் பயணத்துல நான் கையில கொண்டு போயிருந்தது, பழைய புத்தகக் கடையில சல்லிசா கிடைச்ச ஒரு புத்தகம். மார்ஜரி சைக்ஸ் எழுதின, இந்தியாவில் குவேக்கர்களைப் பற்றின வரலாறு. 1980ல் வந்தது. மத்தியானம் திண்ணையில படுத்துக்கிட்டு அதைப் படிக்கறது, சாயங்காலம் அந்தப் பெட்டியைப் பார்க்கறதுன்னு மூணு நாள் ஓடினதுல ரெண்டும் மண்டைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல, குவேக்கர்னா யாருன்னு ஒரு சின்ன அறிமுகம். 1650கள் வாக்குல இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான ஒரு கிறிஸ்தவக் குழு. நண்பர்கள் சங்கம் என்றுதான் தங்களைச் சொல்லிக்குவாங்க. பாதிரியார் கிடையாது, பலிபீடம் கிடையாது. எல்லாரும் ஒரு அறையில பேசாம உட்கார்ந்திருப்பாங்க. யாருக்காவது உள்ளேயிருந்து சொல்லத் தோணினா எழுந்து சொல்லலாம், ஆணோ பெண்ணோ. பதினேழாம் நூற்றாண்டில் பெண்கள் சபையில எழுந்து பேசறதுங்கறது லேசுப்பட்ட விஷயமில்லை. போருக்குப் போக மாட்டாங்க, சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டாங்க. கடை வச்சா எல்லாருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச கேட்பரி சாக்லேட்டும், ஷூ போடறவங்களுக்குத் தெரிஞ்ச கிளார்க்ஸும் குவேக்கர் குடும்பங்கள் ஆரம்பிச்சதுதான். 1947ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு இவங்களோட இங்கிலாந்து, அமெரிக்க சேவை அமைப்புகள் ரெண்டுக்கும் சேர்த்துக் கிடைச்சது.

இந்தக் கூட்டத்துப் பெண்கள் எங்கே போனாலும், கையில ஒரு ஊசியோ ராட்டையோ கொண்டு போயிருக்காங்க. அதுதான் என்னை இழுத்தது.

எலிசபெத் ஃப்ரை என்ற அம்மாவிலிருந்து ஆரம்பிக்கலாம். 1813ல் முதல்முறையா லண்டன் நியூகேட் சிறைக்குள்ள போறாங்க. பெண் கைதிகளும் அவங்க குழந்தைகளும் ஒரே கொட்டடியில, வைக்கோல்ல, செய்ய ஒரு வேலையும் இல்லாம அடைஞ்சு கிடக்கறாங்க. 1817ல் ஒரு மகளிர் குழு அமைச்சு அங்கே தையலும் பின்னலும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்றாங்க, செஞ்சதை வித்துக் கொடுக்கவும் வழி பண்றாங்க. பின்னாடி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண்களுக்குக் கப்பல்லயே துணித்துண்டு, நூல், ஊசின்னு ஒரு மூட்டை கொடுத்து அனுப்பற வழக்கம் வந்தது. 1841ல் 'ராஜா' என்ற கப்பல்ல (பேரைப் பாருங்க!) சுமார் 180 பெண்கள் ஹோபார்ட்டுக்குப் போனாங்க. மூணு மாசப் பயணம். அதுல சிலர் சேர்ந்து 2,800க்கும் மேற்பட்ட துணித்துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டு ஒரு பெரிய விரிப்பா ஆக்கிட்டாங்க. அந்த விரிப்பு ரொம்ப காலம் காணாமப் போய், 1980கள்ல ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு, இப்போ ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துல இருக்கு. அதுல ஓரத்துல நன்றி வாசகம் தைச்சிருக்கு. தைச்ச பெண்கள் பேரு ஒண்ணு கூட இல்லை.

எங்க பெட்டியிலயும்தான் இல்லை. சரி, இருக்கட்டும்.

இந்தியாவுக்கு வந்த முதல் குவேக்கர் மிஷனரி ஒரு பெண்தான். ரேச்சல் மெட்காஃப், யார்க்‌ஷயர்க்காரர். 1866ல் காசிக்கு வந்து தையல் சொல்லிக் கொடுக்கற வேலையில சேர்ந்தார். அப்புறம் நர்மதைக் கரையோரம் ஹோஷங்காபாத் பகுதிக்குப் போய், கடைசிக் காலத்துல நடக்க முடியாம சக்கர நாற்காலியில இருந்துகிட்டே அநாதைக் குழந்தைகளை வளர்த்து, 1889ல் அங்கேயே இறந்தார். நம்ம ஊர்ப் பக்கம் வரலை. நம்ம பக்கம் இந்த மாதிரி வேலையை ஆரம்பிச்சது வேற சபைக்காரங்க. நாகர்கோவில்ல லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அவங்க மகள் எலைஸா, கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இடையன்குடிக்கு அதைக் கொண்டு போனாங்க. தேரிக்காட்டு மணல்ல உட்கார்ந்து பெண்கள் பின்னின லேஸ் சீமைக்குப் போச்சு. அதைப் பத்தித் தனியா ஒரு பதிவே எழுதணும். கால்டுவெல்லோட ஒப்பிலக்கணத்தைப் பத்திப் பேசறவங்க, அந்த அம்மா நடத்தின லேஸ் பள்ளியைப் பத்திப் பேசறதில்லைங்கற கடுப்பு எனக்கு ரொம்ப நாளா உண்டு.

இப்போ கொஞ்சம் தூரமா, தென்னாப்பிரிக்காவுக்குப் போகணும். காரணமாத்தான் கூப்பிடறேன், வாங்க.

போயர் யுத்தம், 1899 முதல் 1902 வரை. ஆங்கிலேயப் படை போயர்களோட பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்கள்ல அடைச்சது. அதுல 26,000க்கும் மேல செத்துப் போனாங்க, பெரும்பாலும் குழந்தைகள். இந்தக் கொடுமையை 1901ல் நேர்ல போய்ப் பார்த்து இங்கிலாந்துல அம்பலப்படுத்தினவர் எமிலி ஹாப்ஹவுஸ். இவர் குவேக்கர் இல்லை, ஆங்கிலிக்கன் பாதிரியார் மகள். ஆனா இவருக்குத் தோள் கொடுத்தவங்கள்ல குவேக்கர்கள் நிறைய. யுத்தம் முடிஞ்சு சில வருஷம் கழிச்சு, எரிஞ்ச பண்ணைகளுக்குத் திரும்பின பொண்ணுங்க பிழைக்க ஒரு தொழில் வேணும்னு எமிலி யோசிச்சப்ப, கூடவே கப்பலேறினவர் மார்கரெட் கிளார்க் என்ற குவேக்கர் பெண். அந்த ஷூ கம்பெனிக் குடும்பம்தான். 1905 மார்ச்சில் ஃபிலிப்போலிஸ் என்ற சின்ன ஊர்ல ரெண்டு பேருமா நூற்பு, நெசவுப் பள்ளியைத் திறந்தாங்க. அங்கே ஆடு நிறைய, கம்பளி ரோமம் கையருகே கிடைக்குது. அதை நூற்று, சாயம் போட்டு, விரிப்பும் போர்வையுமா நெய்யறது. இடத்துல கிடைக்கற பொருள், இடத்துப் பெண்கள், வீட்டுலயே வேலை. சில வருஷத்துல இந்த மாதிரிப் பள்ளிகள் இருபதுக்கும் மேல ஆச்சு.

மார்கரெட் கிளார்க்கோட தாத்தா யார் தெரியுமா? ஜான் பிரைட். இங்கிலாந்து பார்லிமெண்டில் இந்தியாவுக்காகக் கும்பினி ஆட்சியைக் கிழிகிழின்னு கிழிச்ச அதே ஜான் பிரைட். ரொம்ப நல்லவர்தான். ஆனா குடும்பத் தொழில் ராச்டேல்ல பஞ்சாலை. 1848ல் இந்தியாவில் பருத்தி விளைச்சலை எப்படிப் பெருக்கலாம்னு ஆராய்ஞ்ச பார்லிமெண்ட் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். லங்காஷயர் மில்லுக்குப் பஞ்சு வேணுமில்ல! நம்ம திருநெல்வேலி, ராமநாதபுரம் கரிசல்ல விளைஞ்ச பருத்தியெல்லாம் மூட்டை மூட்டையா தூத்துக்குடித் துறைமுகத்துல ஏறிப் போன காலம் அது. பஞ்சு போச்சு, மில் துணியா திரும்பி வந்தது, கைராட்டை பரணுக்குப் போச்சு. மில்லுக்காரத் தாத்தாவோட பேத்தி, கைராட்டையைத் தூக்கிக்கிட்டு ஆப்பிரிக்கா போனாங்கறது எனக்குப் பெரிய வேடிக்கையா இருக்கு. தாத்தா செஞ்சதுக்குப் பேத்தி பரிகாரம் பண்ணாங்கன்னு எழுத ஆசைதான். ஆனா அந்தம்மா அப்படி நினைச்சதா எங்கேயும் நான் படிக்கலை, அதனால விட்டுடறேன்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. ஃபிலிப்போலிஸுக்கு அப்புறம் ஜோஹானஸ்பர்க்கை ஒட்டி லாங்லாக்டே என்ற இடத்துலயும் இவங்க நூற்புப் பள்ளி திறந்தாங்க. அதே ஜோஹானஸ்பர்க்ல அப்போ வக்கீல் தொழில் பண்ணிக்கிட்டிருந்தவர் மோகன்தாஸ் காந்தி. 1909ல் கப்பல்ல உட்கார்ந்து 'இந்து சுயராஜ்ய'த்தை எழுதறார், கைத்தறிதான் விமோசனம்ங்கற எண்ணம் அப்பவே இருக்கு. ஆனா அந்தக் காலத்துல தறியையோ ராட்டையையோ கண்ணால பார்த்ததா ஞாபகமில்லைன்னு பின்னாடி சுயசரிதையில அவரே ஒத்துக்கறார். ஊர்க்கோடியில ராட்டை சுத்திக்கிட்டிருந்திருக்கு! 1914 ஜனவரியில சத்தியாக்கிரகம் உச்சத்துல இருந்தப்போ, நம்ம தமிழ் ஆட்களும் பெண்களும் ஜெயில்ல கிடந்தப்போ, ஸ்மட்ஸுக்கும் காந்திக்கும் நடுவுல சமாதானம் பேச எமிலி ஹாப்ஹவுஸ் உதவினார். காந்தியும் கஸ்தூரிபாவும் கேப் டவுன்ல அவரைப் போய்ப் பார்த்தாங்க. அந்த ராட்டைப் பள்ளிகளைப் பத்திப் பேசிக்கிட்டாங்களான்னு ஒரு குறிப்பு கிடைச்சா எவ்வளவு நல்லாயிருக்கும்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லணும். அந்தப் பள்ளிகள் போயர் பெண்களுக்கு, அதாவது வெள்ளைக்காரப் பெண்களுக்கு. அதே யுத்தத்துல கறுப்பின மக்களுக்குத் தனி முகாம் இருந்தது. அதுலயும் 14,000க்கும் மேல செத்ததாக் கணக்கு. அவங்களுக்கு யாரும் ராட்டை கொண்டு போகலை. நல்ல மனசுக்கும் ஒரு கண்பட்டை உண்டுன்னு வச்சுக்குங்க.

சரி, இனி மார்ஜரி சைக்ஸ். நம்ம ஆள்.

1905ல் யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒண்ணுல பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படிச்சுட்டு, 1928ல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியையா வந்தார். வந்ததும் தமிழ் கத்துக்கிட்டார். பின்னாடி அதே பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். குவேக்கராச் சேர்ந்தது 1930கள்ல, இங்கே வந்த பிறகுதான். 1939ல் தாகூர் கூப்பிட்டு சாந்திநிகேதன் போனார். அங்கே வங்காளம் கத்துக்கிட்டு தாகூரோட நாடகங்களை ஆங்கிலத்துல மொழிபெயர்த்தார். அப்புறம் சேவாகிராமம். 1949லிருந்து பத்து வருஷம் போல அங்கே ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பு. அதுக்கப்புறம் நீலகிரியில கோத்தகிரிக்கு வந்து சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கிட்டிருந்தார். நடுவுல 1964லிருந்து நாகாலாந்தில் சமாதானப் பார்வையாளர் குழுவுல இருந்தார். இந்தியக் குடியுரிமை வாங்கிக்கிட்டார். 1995ல் இங்கிலாந்துல காலமானார். இவ்வளவு செஞ்சும், சென்னையில பத்து வருஷம் இருந்த இவரைப் பத்தித் தமிழ்ல தேடினா ஒண்ணும் பெரிசா சிக்க மாட்டேங்குது.

சேவாகிராமத்துல அவர் செஞ்சதுக்குப் பேர் 'நயீ தாலீம்'. நம்ம ஊர்ல ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவுல காந்தி கூட்டின கல்வி மாநாட்டுல பிறந்தது. ஜாகிர் ஹுசேன் குழு பாடத்திட்டம் போட்டது. நடத்தினவங்க ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும். ஆரியநாயகம் இலங்கைத் தமிழர், இதையும் நம்மாளுங்க மறந்தாச்சு. ஒரு கைத்தொழிலை நடுவுல வச்சு, கணக்கு, பூகோளம், சரித்திரம், விஞ்ஞானம் எல்லாத்தையும் அதுலேர்ந்து கிளைபிரிச்சுச் சொல்லித் தர்றதுதான் அந்த முறை. நூல் நூற்கறதுன்னா பருத்தி எந்த மண்ணுல விளையும், ஒரு சிட்டத்துக்கு எத்தனை கஜம், மான்செஸ்டர் எங்கே இருக்கு, எல்லாம் அதுக்குள்ள வந்துடும். கூடவே சமையல், தோட்டம், கக்கூஸ் கழுவறது. முக்கியமா எல்லாப் பிள்ளையும், எல்லா வாத்தியாரும்.

எங்க அப்பாவுக்கு ஆதாரப் பள்ளி ஞாபகம் இருக்கு. தக்ளியைத் தொடையில உருட்டி நூல் விடணும், நூல் அறுந்தா வாத்தியார் காதைத் திருகுவார். "நூத்ததை யார் நெஞ்சா, யார் உடுத்தினா, எதுவும் தெரியாதுடா. பீரியட் முடிஞ்சா தக்ளியைப் பெட்டியில போட்டுட்டு ஓடிருவோம்"கறார். பாடத்திட்டம் வார்தாவிலிருந்து எங்க ஊர் வர்றதுக்குள்ள அதோட உயிர் எங்கேயோ இறங்கிப் போயிருச்சு போல!

இங்கேதான் வாசிக்கற தமிழர்கள் கை தூக்குவீங்கன்னு தெரியும். "என்னய்யா, குலக்கல்வித் திட்டத்துக்கு வக்காலத்தா?"

நியாயமான கேள்வி. 1953ல் ராஜாஜி கொண்டு வந்த திட்டத்துல ஆரம்பப் பள்ளி நேரம் மூணு மணி நேரமாக் குறைஞ்சது. மீதி நேரம் பிள்ளைங்க அப்பா அம்மாகிட்ட வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும். தச்சன் பிள்ளை தச்சு, வண்ணார் பிள்ளை வெளுப்பு, மரமேறி பிள்ளை மரம். பெரியாரும் தி.மு.க.வும் கொந்தளிச்சதும், ராஜாஜி விலகினதும், 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சராகி அடுத்த மாசமே அந்தத் திட்டத்தைத் தூக்கினதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் இன்னைக்குக் கணினி முன்னாடி உட்கார்ந்து இதை எழுதறேன்னா அந்தத் திட்டம் செத்ததும் ஒரு காரணம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

ஆனா ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறது சரியில்லை. ராஜாஜி திட்டம் தொழிலை வீட்டுக்குத் துரத்தினது. வீட்டுல என்ன தொழில்னு தீர்மானிக்கறது சாதி. சேவாகிராமத்துல தொழில் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தது. பிராமணப் பிள்ளையும் கக்கூஸ் கழுவணும், தலித் பிள்ளையும் அதே கணக்கைப் போடணும். கேம்பிரிட்ஜ்ல படிச்ச அம்மாவும் அந்த வரிசையில நிக்கணும். யார் எந்தக் கையால எந்த வேலை செய்யணும்னு பிறப்பு முடிவு பண்ணக் கூடாதுங்கறது அதோட அடிநாதம்.

அதுக்காக நயீ தாலீம்ல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிள்ளைங்க செஞ்ச பொருளை வித்து வாத்தியார் சம்பளத்தைக் கட்டலாம்னு காந்தி ஆசைப்பட்டார். அப்படிப் போனா பள்ளிக்கூடம் பட்டறையாயிரும்னு ஜாகிர் ஹுசேன் குழுவே எச்சரிச்சது. இன்னொண்ணு, யதார்த்தம். தலைமுறை தலைமுறையா மலம் அள்ளினவனுக்கு 'வேலையில கௌரவம் இருக்கு'ன்னு பாடம் எடுக்கறது எவ்வளவு பெரிய அபத்தம்! அந்தப் பாடம் தேவைப்பட்டது அள்ளாதவனுக்கு.

இப்போ அப்பத்தா கதை. (கொசுவத்தி சுத்திக்கோங்க.)

பனை ஓலை வேலைன்னா, குருத்தோலையை வெட்டி இறக்கி, வெயில்ல காயப்போட்டு, ஈர்க்கு கிழிச்சு, ஓலையை ஒரே அகலத்துக்கு வகுந்து, தண்ணி தெளிச்சுப் பதமாக்கி முடையணும். ரொம்பக் காய்ஞ்சா ஒடியும், ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும். அப்பத்தா விடியக்காலையில பனி ஈரத்துல உட்காருவாங்க, அப்போதான் ஓலை சொன்னபடி கேட்கும். கருப்பட்டி கட்டற சின்னப் பெட்டி, கருவாட்டுக்குப் பெட்டி, நெல்லள்ளக் கடகம், சொளகு, விசிறி, பாய். பெட்டிகளை யாவாரி வந்து இருபது இருபதா எடுத்துப்பார். விலை அவர் சொல்றதுதான். ஒரு பெட்டி கோணியிருந்தா இருபதுக்கும் விலை குறையும். பணமும் உடனே வராது, அரிசி புளி கணக்குல கழியும். அப்பத்தா விரல் நுனியெல்லாம் ஓலை அறுத்த தழும்பு, சுண்ணாம்பு பட்டா எரியும்னு வெத்திலைக்குச் சுண்ணாம்பை ஈர்க்கால எடுத்துத் தடவுவாங்க.

அவங்களுக்கு மொத்தம் அஞ்சு பிள்ளைங்க. பெரிய அத்தை பள்ளிக்கூடம் போகலை, பக்கத்துலயே உட்கார்ந்து முடைஞ்சாங்க. அடுத்து எங்க அப்பா. அப்புறம் ஒரு சித்தப்பா, ரெண்டு அத்தைங்க. பக்கத்து ஊர்ல பள்ளிக்கூடம் வந்து மதிய உணவும் போட ஆரம்பிச்ச பிறகு, மீதி நாலு பேரையும் ஓலையைத் தொட விடலை. சின்ன அத்தை ஆசையா ஒருநாள் குருத்தை எடுத்தப்போ, கையில அடிச்சுப் பிடுங்கினாங்களாம். "இந்தச் சனியன் என்னோட போகட்டும். நீ பொஸ்தகத்தைப் புடி." சின்ன அத்தை பின்னாடி டீச்சராகி ரிடையரும் ஆயிட்டாங்க.

இந்த அடியைப் பத்தி மார்ஜரி சைக்ஸ் என்ன சொல்லியிருப்பாருன்னு திண்ணையில படுத்து யோசிச்சேன். அப்பத்தா செஞ்சது சரி, சத்தியமாச் சரி. அந்த அடி விழலைன்னா நாங்க இல்லை. அதே சமயம், பூ வச்ச மாதிரி அந்தக் கடகத்தோட அடிப்பாகத்துல எட்டு மூலை பிரிஞ்சு விரியற பின்னல் இருக்கே, அது எப்படி ஆரம்பிக்குதுன்னு எங்க குடும்பத்துல எண்பது வயசைத் தொடற ஒரே ஒரு பொம்பளைக்குத்தான் தெரியும். ரெண்டும் உண்மை. ரெண்டையும் ஒரு தராசுல வைக்க எனக்குத் தெரியலை.

கைத்தொழிலே பாவம்னு நம்ம ஜில்லா ஒதுக்கிடலை, அதையும் சொல்லணும். 1927 செப்டம்பரில் காந்தி காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் (அன்னைக்கு அது ராமநாதபுரம் ஜில்லா) கதருக்குப் பணம் திரட்ட வந்தார். பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரை எமனேஸ்வரத்திலும் சௌராஷ்டிர மக்கள் தறியை இன்னும் விடலை. தறிக்குச் சங்கம் உண்டு, கோ-ஆப்டெக்ஸ் உண்டு, தீபாவளித் தள்ளுபடி உண்டு, மேடைப் பேச்சும் உண்டு. பனைவெல்லத்துக்குக் கூட குமரப்பா மாதிரி ஒருத்தர் கிடைச்சார். தஞ்சாவூர்க்காரர், அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினவர், கடைசிக் காலத்துல நம்ம பக்கத்துல தே. கல்லுப்பட்டி காந்திநிகேதனில் இருந்தவர். செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணச் சீருக்கு வைக்கற கலர்க் கொட்டானை 2000க்கு அப்புறம் விசாலாட்சி ராமசாமி என்ற ஆச்சி மீட்டெடுத்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இன்னைக்கு அது சென்னைக் கடைகள்ல நல்ல விலைக்குப் போகுது. ஆச்சி வீட்டுச் சீர்த்தட்டுல உட்கார்ந்த கொட்டானுக்கு வந்த வாழ்வு, கருவாடு சுமந்த பெட்டிக்கு வரலை. கருவாட்டுக்கு பிளாஸ்டிக் கூடை வந்தாச்சு, கருப்பட்டிக்கு அட்டைப்பெட்டி.

எங்க ஊருக்கும் சில வருஷம் முன்னாடி ஒரு தொண்டு நிறுவனம் வந்து பயிற்சி கொடுத்தது. பேர் வேண்டாம். பென்சில் ஸ்டாண்டு, மொபைல் பை, பூ ஜாடின்னு ஆறு மாசம் சொல்லித் தந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, சான்றிதழ் கொடுத்தாங்க. விக்கற இடம் எதுன்னு மட்டும் சொல்லலை. முப்பது பெண்கள் செஞ்ச பென்சில் ஸ்டாண்டு பாதி இன்னும் ஊர் நூலகத்துல மூட்டையாக் கிடக்கு. நியூகேட்ல எலிசபெத் ஃப்ரை ஊசியைக் கொடுத்தப்பவே, தைச்சதை எங்கே விக்கறதுன்னும் பார்த்துக் கொடுத்தாங்க. இருநூறு வருஷம் ஆச்சு அந்த வித்தை கண்டுபிடிச்சு.

பொங்கல் முடிஞ்சு கிளம்பறதுக்கு முந்தின நாள் பெரிய அத்தை வீட்டுக்குப் போனோம். என் பொண்ணு விடலை, கத்துக் கொடுங்கன்னு மடியில ஏறி உட்கார்ந்துட்டா. அத்தை முதல்ல, "இதெல்லாம் எதுக்குக் கண்ணு, படிக்கற பிள்ளை"ன்னு அப்பத்தா மாதிரியே ஆரம்பிச்சாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல குருத்தோலை வாங்கி வரச் சொன்னாங்க. எட்டு ஓலையைக் குறுக்கும் நெடுக்குமா வச்சு, கட்டைவிரலால அமுக்கிப் பிடிச்சு, "ஒண்ணு விட்டு ஒண்ணு... இல்ல, அது கீழ போகணும்"னு சொல்லச் சொல்ல, என் பொண்ணு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கலை. அவ பிறந்ததுலேர்ந்து நான் பார்க்காத அதிசயம் அது :-) பக்கத்துல நானும் ஒண்ணு ஆரம்பிச்சேன். விரலை ஓலை கிழிச்சு ரத்தம் வந்ததோட என் கைத்தொழில் கல்வி முடிஞ்சது.

அத்தைகிட்ட, அப்பத்தா பெட்டி மாதிரியே ஒரு கடகம் முடைஞ்சு தர முடியுமா, பண்டிகை கழிச்சு வந்து வாங்கிக்கறேன்னு கேட்டேன். சரின்னாங்க. எத்தனை நாள் ஆகும்னேன். ஓலை நல்லாக் கிடைச்சா நாலு நாளுன்னாங்க. என்ன விலைன்னு சொல்லுங்க அத்தைன்னேன்.

"போடா கிறுக்குப் பயலே, உனக்கு என்ன வெல"ன்னு திட்டிட்டு, காப்பி போட உள்ளே போயிட்டாங்க.